முதலில் வயிற்றைப் பாருங்கள்: பொம்மைச் சேகரிப்பாளர் கேள்வி – பதில்

சின்னச் சின்ன பிளாஸ்டிக் விலங்குகளையும் வீரர்களையும் சேர்த்து வைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. 'இது என்ன விலைக்குப் போகும்?' என்ற கடிதங்களை மட்டும் ஒதுக்கிவிட்டோம். பொம்மையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்வது ஜோசியம்.

கே: பழைய அட்டைப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது. உள்ளே அறுபது எழுபது விலங்குகள். பெயரும் இல்லை, உறையும் இல்லை. யார் செய்தவை என்று எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ப: படத்தை இணையத்தில் போட்டுத் தேடும் முன் ஒவ்வொன்றையும் புரட்டுங்கள். வயிறு, பின்னங்கால்களின் உட்புறம், பாதம், வாலின் அடிப்பகுதி ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் எழுத்து இருக்கும். நேர்வெளிச்சத்தில் அது தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேசையோடு படுக்க வைத்து, பொம்மையின் பக்கவாட்டில் ஒளி உரசிப் போகும்படி பிடியுங்கள். மழுங்கிய எழுத்துகூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். குழிக்குள் அழுக்கு அடைத்திருந்தால் முதலில் சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். ஊசியால் நோண்ட வேண்டாம். எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

படித்ததை அப்படியே, ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். காலத்தைக் காட்டும் தடயம் பலமுறை பெயரைவிடச் சுற்றியுள்ள சில்லறை எழுத்துகளில்தான் இருக்கும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் அந்த அச்சு 1990 அக்டோபருக்கு முந்தையது, ஏனென்றால் அதற்குப் பிறகு அப்படி ஒரு நாடு இல்லை. ஜெர்மன் முகவரியோடு ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1993 ஜூலைக்குப் பிந்தையது. அதுவரை அங்கே நான்கு இலக்கம்தான். ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையான 'சி', 'இ' என்ற இரட்டை எழுத்து இருந்தால் 1990-க்கு முன் போக வாய்ப்பில்லை, பொம்மைப் பாதுகாப்பு விதி அந்த ஆண்டுதான் நடப்புக்கு வந்தது. 'ஹாங்காங்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1950-களிலிருந்து 1980-கள் வரை.

எழுத்தே இல்லாத பொம்மைகளும் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி, குவியல் பிரிப்பது. முதலில் பிளாஸ்டிக்கின் தன்மையைப் பார்த்துப் பிரியுங்கள்: மெழுகுபோல வழுக்குவது, ரப்பர்போல வளைவது, விறைப்பாக ஒலிப்பது. அடுத்து அச்சுக்கோடு (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) எங்கே ஓடுகிறது, ஊற்றுவாய் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) வெட்டிய தழும்பு எங்கே இருக்கிறது, கண்ணை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளைப் பொட்டு வைத்து அதன் மேல் கறுப்புப் பொட்டு வைப்பது ஒரு பாணி, கறுப்பு மட்டும் வைப்பது இன்னொன்று. எழுபதில் இருபது ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டால், அந்த இருபதில் ஒன்றில் பெயர் கிடைத்தால் போதும்.

கே: என்ன பிளாஸ்டிக் என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ப: ஊசி வேண்டவே வேண்டாம். பழைய பொம்மை செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றும். பி.வி.சி.யாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை மூக்கை அரிக்கும். இரண்டும் இல்லையென்றாலும் பொம்மையில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

தண்ணீர்ச் சோதனை போதும். இரண்டு பாத்திரம் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் உப்பு, முழுதும் கரையும்வரை கலக்குங்கள். இரண்டிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். இல்லையென்றால் பொம்மையில் ஒட்டும் காற்றுக்குமிழே அதைத் தூக்கிவிடும். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். இரண்டிலும் மூழ்கினால் பெரும்பாலும் பி.வி.சி., பழையதென்றால் செல்லுலோஸ் அசிட்டேட்டாகவும் இருக்கலாம்.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு: உள்ளீடற்ற பொம்மை. உள்ளே காற்று இருந்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் மிதக்கும். உலோக அடித்தட்டு இருந்தால் எதுவும் மூழ்கும். செல்லுலாய்டு என்று சந்தேகம் வருபவற்றையும், வண்ணம் உதிர்பவற்றையும் தண்ணீரில் போடாதீர்கள். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். உப்பு காய்ந்தால் பள்ளங்களில் வெள்ளையாகப் பூக்கும்.

தண்ணீர் வேண்டாம் என்பவர்களுக்கு: பாலித்தீனை நகத்தால் மெல்ல அழுத்தினால் தடம் விழும், தொட்டால் மெழுகுபோல் இருக்கும். பாலிஸ்டைரீனை மேசையில் தட்டினால் 'டிக்' என்று கூராகக் கேட்கும், மெத்தென்ற பி.வி.சி. 'தொப்' என்று விழும். வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்த ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும், உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கற்பூர வாடை என்றால் செல்லுலாய்டு. அடுப்பு, விளக்கு, வெயில் எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

கே: '1988 என்று வயிற்றில் பொறித்திருக்கிறதே, அந்த ஆண்டில் வந்ததுதான்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ப: பாதி நம்பலாம். அந்த ஆண்டு உருவத்துக்கு உரிமை கோரிய ஆண்டு. பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. எஃகு அச்சு பல்லாண்டு உழைக்கும், எழுத்தும் அதோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் கார்னகி அருங்காட்சியகத்தின் பெயரில் வெளியிட்ட டைனோசர் வரிசை 1988-இல் தொடங்கி 2015-இல் நின்றது. தொடக்க கால அச்சுகளில் சில, வண்ணம் மட்டும் மாறி, பல ஆண்டு கழித்தும் அதே ஆண்டெழுத்தோடு வந்தன. எனவே '1988-க்கு முன் இல்லை' என்பது உறுதி, அவ்வளவே. எப்போதுவரை என்பதை வண்ணமும் நாட்டின் பெயரும் பாதுகாப்பு முத்திரையும்தான் சொல்ல வேண்டும்.

கே: அலமாரியில் இருந்த பழைய யானை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்த காண்டாமிருகமோ பெட்டியையே உருக்கி உள்ளே இறங்கிவிட்டது. என்ன கோளாறு?

ப: இரண்டும் ஒரே கோளாறு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைச் சேர்க்கிறார்கள். பழைய பொம்மைகளில் அது பெரும்பாலும் தாலேட் வகை. இது பிளாஸ்டிக்கோடு வேதியியலாகப் பிணையவில்லை, சும்மா இடையில் தங்கியிருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆக மேற்பரப்புக்கு வியர்த்து வருகிறது. யானையின் பிசுபிசுப்பு அதுதான். தூசும் அதில்தான் போய் ஒட்டுகிறது. இதே எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தெர்மாகோல் என்பது நுரைத்த பாலிஸ்டைரீன் அல்லாமல் வேறென்ன? காண்டாமிருகம் பெட்டிக்குள் இறங்கியதில் ஆச்சரியமில்லை. விறைப்பான பாலிஸ்டைரீன் வீரனோடு மெத்தென்ற பி.வி.சி. குதிரையை உராயும்படி வைத்தாலும் வீரனின் கால் இப்படித்தான் குழையும்.

யானையை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துலக்கியால் கழுவி, அலசி, நன்றாகக் காயவையுங்கள். பிசுபிசுப்பு போகும். சில மாதமோ சில ஆண்டோ கழித்துத் திரும்ப வரும், அப்போது மறுபடி கழுவ வேண்டியதுதான்; நிரந்தர மருந்து கிடையாது. டால்கம் பவுடர் தூவுவது நோயை மறைக்கும், பள்ளங்களில் படிந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். சாராயம், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் முதலில் போவது வண்ணம், அடுத்து மென்மையாக்கி, கடைசியில் மிஞ்சுவது வெடிப்பு.

வைக்கும்போது ஒன்றையொன்று தொடாமல், இருட்டாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெப்பம் ஏற ஏற வியர்ப்பது கூடும், அதனால் பரணும் ஜன்னலோரமும் ஆகாது. பி.வி.சி. பொம்மையின் அடியில் பாலியெஸ்டர் தாள் ஒரு துண்டு விரித்துவிட்டால் அலமாரிப் பூச்சும் பிழைக்கும். ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரும் சிதைந்து, பொம்மையோடு ஒட்டிக் கறையாகும்.

கே: ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் வளைந்து, நிற்காமல் சாய்கிறது.

ப: மெத்தென்ற பி.வி.சி.யா, பாலித்தீனா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 70 முதல் 80 டிகிரி சூட்டில் தண்ணீர் (கொதிக்க வேண்டாம்), கால்களை மட்டும் அரை நிமிடம் முக்குங்கள். பல சமயம் கால் தானாகவே அச்சில் பிறந்த நிலைக்குத் திரும்பும். இல்லையென்றால் கையுறை போட்டு நேராக்கி, அசையாமல் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். பாதியில் விட்டால் மறுபடி வளையும். பாலிஸ்டைரீனில் இந்த வேலை செய்யாதீர்கள், ஒடிந்துபோகும்.

கே: போர்வீரனின் துப்பாக்கி முனை உடைந்தது. சூப்பர் க்ளூ போட்டேன். காய்ந்ததும் உரிந்து வந்துவிட்டது. மட்டமான பசையா?

ப: பசை நல்ல பசைதான். உங்கள் வீரன் பாலித்தீன். அதன் மேற்பரப்பு எதையும் பற்றிக்கொள்ளாது, அதனால்தான் அந்தக் கால வீரர்களின் வண்ணமும் செதில் செதிலாக உதிர்கிறது. பாலித்தீனுக்கென்று முன்பூச்சோடு சேர்த்து விற்கும் பசை ஓரளவு பிடிக்கும். அதைவிட நிச்சயமான வழி ஆணி. அரை மில்லிமீட்டர் துளைப்பானை விரலாலேயே சுழற்றி இரு முனையிலும் 3 மி.மீ. ஆழத் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி இணையுங்கள். மின்துளைப்பான் வேண்டாம், அதன் சூட்டில் பிளாஸ்டிக் இளகித் துளை அகன்றுவிடும்.

ஆனால் துளைக்கும் முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். வெண்மையாக, பொடிப்பொடியாக இருந்தால் பிளாஸ்டிக்கே நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. வெளிச்சமும் காற்றும் பல்லாண்டு பட்டதன் விளைவு. அதில் துளை போட்டால் மிச்சமும் போகும். இரண்டு துண்டையும் சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். பி.வி.சி.க்கு சூப்பர் க்ளூ பிடிக்கும். பாலிஸ்டைரீனுக்கு மாடல் விமானம் ஒட்டும் கரைப்பான் பசைதான் சரி.

கே: வண்ணம் போன இடத்தைத் தீட்டிவிடலாமா?

ப: விளையாடக் கொடுப்பதென்றால் தீட்டுங்கள். சேகரிப்பென்றால் வேண்டாம். உதிர்ந்த வண்ணத்தைவிடப் புது வண்ணம்தான் மதிப்பைக் குறைக்கும். மஞ்சளித்த வெள்ளையை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கும் முறைக்கும் எங்கள் பதில் இதேதான்.

கே: அசல் அச்சில் வார்த்ததா, பொம்மையிலிருந்து நகலெடுத்ததா? எப்படிப் பிரித்தறிவது?

ப: வெர்னியர் அளவுகோல் ஒன்று வேண்டும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலித்தீன் சுமார் ஒன்றரை முதல் மூன்று சதவீதம், பாலிஸ்டைரீன் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுத்தால் நகல் மறுபடி ஒருமுறை சுருங்கும். 120 மி.மீ. நீளமுள்ள பாலித்தீன் காளையின் நகல் 2 முதல் 4 மி.மீ. குட்டையாக இருக்கும். அளக்கும்போது வால்நுனி, காது போன்ற வளையும் இடங்களை விட்டுவிடுங்கள். முன்குளம்பிலிருந்து பின்குளம்பு, கொம்பின் அடியிலிருந்து வயிறு என்று அசையாத இடங்களாகப் பாருங்கள்.

அளவு மட்டும் சாட்சியாகாது. அதே அசல் அச்சில் பிற்காலத்தில் வேறு பிளாஸ்டிக்கை ஊற்றியிருந்தாலும் அளவு கொஞ்சம் மாறும். அது மறுவெளியீடு, நகல் அல்ல. அதனால் கூர்மையையும் சேர்த்துப் பாருங்கள். நகலில் பிடரி மயிரின் கோடுகள் சோப்பு தேய்ந்ததுபோல் இருக்கும். வயிற்றெழுத்து பாதி நிரவியிருக்கும், அல்லது எழுத்து இருந்த இடம் மட்டும் சந்தேகப்படும்படி வழவழவென்றிருக்கும். அசலின் அச்சுக்கோடு நகலில் மங்கிய வடுவாகவும், அதன் சொந்தக் கோடு வேறிடத்திலும் என்று இரண்டு கோடு தெரிந்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

கே: உடல் பிளாஸ்டிக், அடித்தட்டு உலோகம். தட்டில் 'பிரிட்டன்ஸ்', 'டீடெய்ல்' என்ற சொற்களும் 1971 என்ற ஆண்டும். வீரன் ஈயமா என்று பயம்.

ப: பயம் வேண்டாம். பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை 1893-இலிருந்து செய்து, 1966-இல் நிறுத்திக்கொண்டது. உங்களிடம் இருப்பது 1971-இல் தொடங்கிய பிளாஸ்டிக் வரிசை. கனமான தட்டு, வீரன் விழாமல் நிற்பதற்காக.

கே: 54 மில்லிமீட்டர், 1/32, 1/72 என்கிறார்களே, விலங்குகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

ப: மனித உருவத்தில் 54 மி.மீ. என்றால் 32-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,728 மி.மீ.; ஓர் ஆளின் உயரம். அதுதான் 1/32, அதாவது நிஜ அளவில் 32-இல் ஒரு பங்கு. அதே ஆள் 1/72-இல் 24 மி.மீ. சுமாருக்கு நிற்பார். (சிலர் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளப்பார்கள், சிலர் உச்சிவரை. விற்பவரிடம் எது என்று கேட்டுவிடுங்கள்.)

விலங்குகளில் இது அபூர்வமாகவே பொருந்தும். தோள்வரை 3.2 மீட்டர் உயரமுள்ள யானை 1/32-இல் 100 மி.மீ. இருக்கும், சரி. 95 செ.மீ. உயரப் புலி அதே கணக்கில் 30 மி.மீ.தான் வர வேண்டும். கடையில் யானைக்குப் பக்கத்தில் நிற்கும் புலி 55 மி.மீ.; அதாவது 1/17. கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதால் சிறியதைப் பெரிதாக்கி, பெரியதைச் சிறிதாக்குகிறார்கள். அளவு பிசகாமல் வேண்டும் என்பவர்கள் அருங்காட்சியக வரிசைகளைத் தேடலாம். கார்னகி டைனோசர்கள் 1/40. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1974 முதல் இன்விக்டா வெளியிட்டவை 1/45, தொடக்கத்தில் ஒரே நிறம்.

கே: பழைய பொம்மைகளைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

ப: வாயில் வைக்கும் வயதென்றால் கூடாது. பழைய சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருப்பது வழக்கம், கழுவினால் போகாது. முக்கிய தாலேட்டுகளுக்கு 0.1 சதவீதம் என்ற நிரந்தர வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல்தான் விதித்தது, அமெரிக்கா 2008-இல். அதற்கு முந்தையவை அலமாரியிலேயே இருக்கட்டும்.

கே: முந்நூறு தாண்டிவிட்டது. எது எது இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிப் பதிவது?

ப: ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதைப் பொம்மைமேல் ஒட்டாதீர்கள். ஒட்டுத்தாளின் பசை வண்ணத்தோடுதான் உரியும். சின்ன அட்டையில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலில் கட்டுங்கள். படம் நான்கு போதும்: இரண்டு பக்கம், முகம், வயிற்றெழுத்து, பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். நீளம், உயரம், எடை, பிளாஸ்டிக் வகை, எழுத்து எழுத்தாக வயிற்று வாசகம், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். 'அநேகமாக' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பத்தி ஒதுக்குங்கள். ஊகத்தையும் உறுதியையும் ஒரே பத்தியில் எழுதினால் ஐந்து ஆண்டு கழித்து உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.

கே: விலங்கையே அடையாளம் காண முடியவில்லை. சிறுத்தையா, ஜாகுவாரா? ஆப்பிரிக்க யானையா, ஆசிய யானையா?

ப: புள்ளிகளைப் பாருங்கள். வளையத்துக்குள் பொட்டு இருந்தால் ஜாகுவார். உடல் கட்டை, தலை பெரிது, வால் குட்டை. வளையம் வெறுமையாக இருந்தால் சிறுத்தை. வளையமே இல்லாமல் முழுப்புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு என்றால் சிவிங்கிப்புலி. வாய் மூடிய நிலையில் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரிந்தால் முதலை, மறைந்திருந்தால் அலிகேட்டர். மலிவுப் பொம்மையில் பல்லெல்லாம் வெறும் வெள்ளைக் கோடு என்பதால் மூக்கின் அகலத்தையும் பாருங்கள், அலிகேட்டருக்கு அகன்று வட்டமாக இருக்கும். வரிக்குதிரையில் கோடுகள் நெருக்கமாக, வயிறு வெள்ளையாக, காது வட்டமாக இருந்தால் கிரெவி வகை. ஒரு கொம்பும் கவசம் போன்ற தோல் மடிப்பும் இருந்தால் பெரும்பாலும் இந்தியக் காண்டாமிருகம். டைனோசர் பொட்டலத்தில் முதுகில் பாய்மரம்போல நிற்கும் டைமெட்ரோடான் டைனோசரே அல்ல, அதற்கும் முற்பட்ட வேறு வம்சம். டைரனோசாரஸின் கையில் மூன்று விரல் இருந்தால் செதுக்கியவர் பிழை; இரண்டுதான் இருக்க வேண்டும்.

யானையில்தான் தொல்லை. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம், பெரிய காது, துதிக்கை நுனியில் இரண்டு விரல். ஆசிய யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைவு, நெற்றியில் இரட்டைப் புடைப்பு, ஒரு விரல். பல மலிவு அச்சுகளில் ஆப்பிரிக்கக் காதும் ஆசிய முதுகும் ஒரே உடலில் இருக்கும். செதுக்கியவர் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார் போலும். அப்படிப்பட்டது கிடைத்தால் மல்லுக்கட்ட வேண்டாம், பதிவேட்டில் 'யானை' என்று மட்டும் எழுதுங்கள். அதே கலப்பு உடல் இன்னொரு பொட்டலத்தில் வேறு பெயரோடு வந்தால், இரண்டும் ஒரே அச்சிலிருந்து வந்தவையா என்று வெர்னியரை எடுங்கள்.